டான்ஸ் ஹால் காலியாம்

கப்பலில் அறை பிடிப்பதும் ரயிலில் கீழ்ப்படுக்கை பிடிப்பது போலத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ரயிலில் நாம் முட்டி மோதுவது முன்பின் தெரியாதவர்களோடு. அதனால் கொஞ்சம் கூச்சம் மிச்சமிருக்கும். சொந்தக்காரர்கள் மட்டும் கூடி, ஒரு தளப்படத்தை நடுவில் வைத்து, யார் எங்கே படுப்பது என்று பேசுவதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

இந்த விசுவாவசு வருஷத்தில் அக்காவுக்கு அறுபது நிறைந்தது. அவள் பிறந்ததும் விசுவாவசுதான். வருஷத்தின் பெயர் ஒரு சுற்று முடித்து அவளிடமே திரும்பி வந்திருந்தது. அறுபதாம் கல்யாணம் என்பது நம்மிடம் கணவனின் வயதை வைத்து நடப்பது. அத்தானுக்கு அறுபது வந்தபோது அவர் பக்கவாதத்தில் படுத்திருந்தார், ஒன்றும் செய்யவில்லை. இந்த வருஷம் பிறப்பதற்கு மூன்று மாதம் முன், தையில் அவர் இறந்தார். தனியாக நிற்கும் பெண்ணின் அறுபதுக்கென்று சடங்கு எதுவும் கிடையாது. "அதனால என்ன? நம்ம அக்காவுக்கு நாம கப்பல்ல கொண்டாடுவோம்!" என்று தம்பி குடும்ப வாட்ஸப் குழுவில் குரல் செய்தி அனுப்பினான். மும்பையில் ஏறி, கோவா போய்த் திரும்பும் உல்லாசக் கப்பல். தீபாவளி விடுமுறையில் பயணம். எல்லோரும் கைதட்டும் படங்களை அனுப்பினார்கள். அந்தக் குரல் செய்தியை நான் இரண்டு முறை கேட்டேன். "நம்ம அக்காவுக்கு" என்ற இடத்தில் அவன் தொண்டை லேசாகக் கம்மியது. அவனுக்கு அது எப்போதும் கைவந்த வித்தை.

நாங்கள் மூன்று பேர். அக்கா மூத்தவள், நான் நடு, தம்பி கடைசி. அப்பா திருநெல்வேலியிலிருந்து புனேயின் ராணுவத் தொழிற்சாலை ஒன்றுக்கு வேலைக்கு வந்தவர். வருமுன் அக்கா அங்கே ஐந்தாம் வகுப்புவரை தமிழில் படித்திருந்தாள். எனக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தது அவள்தான். தம்பி இங்கேயே பிறந்து, ஆங்கிலப் பள்ளியில் படித்து, மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய பதவியில் இருக்கிறான். தமிழ் பேசுவான், எழுத்து தெரியாது. அவன் மனைவி கோயம்புத்தூரில் கான்வென்ட்டில் படித்தவள். தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கப் பொறுமை கிடையாது. நான் குழுவில் தமிழில் எதையாவது எழுதினால் தம்பியிடமிருந்து உடனே பதில் வரும்: "அண்ணே, இங்கிலீஷ்ல போடு. யாரு படிப்பா இத?"

அறைகளைத் தேர்ந்தெடுக்க ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தம்பி வீட்டில் கூடினோம். பன்னிரண்டாம் மாடி. கீழே எங்கேயோ திடலில் பிள்ளையார் ஊர்வலத்துக்காக டோல் மேளம் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். தம்பி எழுந்து போய் பால்கனிக் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினான். "சேச்சே, இந்த சத்தத்துல மனுஷன் இருப்பானா?" என்றான். அந்த வாக்கியத்தை நான் மறக்கவில்லை. பின்னால் அதற்கு வேலை வந்தது.

கப்பலின் தளப்படத்தைப் பெரிய டிவியில் போட்டிருந்தான். நான் சில வாரங்களாகவே இதைப் பற்றிப் படித்து வைத்திருந்தேன். தெரிந்துகொண்டால் சும்மா இருக்க மாட்டேன், சொல்லிவிடுவேன். மீனவர்கள் படகின் முன்பக்கத்தை அணியம் என்பார்கள், பின்பக்கத்தை அமரம். இரண்டுக்கும் நடுவில் ஆட்டம் குறைவு. அறை எடுப்பவர் தன் தளத்தை மட்டும் பார்க்கக் கூடாது, மேல் தளத்தையும் கீழ்த் தளத்தையும் பார்க்க வேண்டும். தலைக்கு மேல் நீச்சல்குளம் இருந்தால் விடியும்போதே நாற்காலி இழுக்கும் சத்தம் வரும். காலுக்குக் கீழே சமையல்கூடம் இருந்தால் பாத்திரச் சத்தமும் எண்ணெய் வாடையும். மேலேயும் கீழேயும் வெறும் அறைகளே இருக்கும் தளத்தில், நடுவில் எடுத்தால் தூக்கம் நிச்சயம். இதையெல்லாம் டிவி முன் நின்று விளக்கினேன். நான் பேசி இவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை.

அப்படிப்பட்ட தளத்தில், நடுவில், பால்கனியோடு இரண்டு அறைகள் மிச்சமிருந்தன.

"அப்ப இது நமக்கு" என்று தம்பியின் மனைவி முதல் அறையைத் தொட்டாள். டிவித் திரையில் அவள் விரல் ரேகை பதிந்தது.

"எனக்கு லேசா அசைஞ்சாலே தலசுத்துங்க மாப்ளே" என்றார் தம்பியின் மாமியார். அவர் கோயம்புத்தூரிலிருந்து வந்து அவர்களோடு இருப்பவர். போன வாரம்தான் லோணாவளாவில் பேத்தியோடு ராட்டினத்தில் ஏறிச் சுற்றிய வீடியோ குழுவில் வந்திருந்தது. இரண்டாவது அறை அவருக்கும் பேத்திக்கும் போயிற்று.

"தல வெக்கிற பக்கம் தெக்கு தானுங்களா?" என்று அடுத்துக் கேட்டார்.

"கப்பல் திரும்புமே அத்தை" என்றேன்.

"அது திரும்பறப்ப திரும்பட்டுங்க. நாம படுக்கறப்ப தெக்கால இருந்தாப் போதும்."

தம்பி இதை ஏஜென்டிடம் கேட்டுச் சொல்வதாகத் தலையாட்டினான். எனக்கும் என் மனைவிக்கும் ஜன்னலே இல்லாத உள்ளறை. அதில் எனக்கு வருத்தமில்லை. நாங்கள் இரண்டு பேரும் இருட்டில் நன்றாகத் தூங்குகிறவர்கள்.

எல்லாம் முடிந்த பிறகுதான், யாருக்காகப் பயணமோ அவள் பக்கம் தம்பி திரும்பினான். சாத்தியிருந்த பால்கனிக் கதவருகே அக்கா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். சோபாவில் இடம் இருந்தது.

"சொல்லு அக்கா, உனக்கு எப்படி வேணும்? பர்த்டே கேர்ள் நீ!"

"எனக்கு என்னல வேணும். ஒரு ராத்திரி முழுசாத் தூங்கணும். கண்ணு முழிச்சா, படுத்த வாக்குல கடல் தெரியணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

இதற்கு மேல் அவள் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. கசார்வாடியில் அவள் வீடு பழைய நெடுஞ்சாலையை ஒட்டி முதல் மாடியில் இருக்கிறது. அத்தான் படுத்த படுக்கையாக இருந்த அந்த வருஷங்களில் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க, சளி எடுக்க, துணி மாற்ற என்று ராத்திரியில் அவள் எழுந்திருக்காத நாள் இல்லை. அவர் போன பிறகும் உடம்பு அந்த நேரங்களில் தானாக விழித்துக்கொள்கிறது என்பாள். விழித்தால் ஜன்னலில் தெரிவது பக்கத்து லேத் பட்டறையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அத்தானும் அதைப் பார்த்துக்கொண்டேதான் செத்தார்.

"டன்!" என்றான் தம்பி. தனி ஆளுக்கு ஜன்னலோடு ஓர் அறை, அதுவும் கப்பலின் நடுவில், ஆனால் தாழ்ந்த தளத்தில் ஒன்று இருந்தது. அதற்குக் கீழ்த் தளத்தில் படத்தில் பெயரில்லாத ஒரு பெரிய சாம்பல் கட்டம். "அது என்னன்னு கேளு" என்றேன். தம்பி ஏஜென்டுக்குப் போன் செய்ய உள்ளே போனான். அந்தப் பெண் மராட்டிக்காரர். இவன் இந்தியில் கேட்க, அவர் மராட்டியில் சொல்ல, திரும்பி வந்தான்.

"டான்ஸ் ஹாலாம். ஆனா டென்ஷன் வேண்டாம், அது காலியாம்."

"காலின்னா? மூடிட்டாங்களா?"

"அரே அண்ணே, காலின்னா காலி. உனக்குத் தமிழ் தெரியாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அந்த அறைக்கு நேரே சின்ன எழுத்தில் 'பார்வை ஓரளவு மறையும்' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்ததை நான் சுட்டிக்காட்டினேன். "ஒரு படகு கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். போட்டோல அழகா இருக்கும்" என்று தம்பி மனைவி முடித்துவைத்தாள்.

புரட்டாசியில் ஒரு நாள், எல்லோருடைய ஆதார் நகல்களையும் கொடுக்க ஏஜென்டின் அலுவலகத்துக்குப் போனேன். துணிக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் நெருக்கமான ஓர் அறை. அந்தப் பெண் சுறுசுறுப்பானவர், என்னைச் சித்தப்பா முறையில் 'காகா' என்று கூப்பிட்டார். கிளம்பும்போது சும்மா கேட்டேன், அந்த டான்ஸ் ஹாலை ஏன் காலியாகப் போட்டிருக்கிறார்கள் என்று.

அவர் புருவம் சுருங்கியது. "மீ த்யான்னா ஸாங்கித்லம் ஹோதம். டான்ஸ் ஹால் காலீ ஆஹே." அவரிடம் அப்போதே சொன்னேனே என்று மராட்டியில் சொல்லிக்கொண்டே ஆள்காட்டி விரலைத் தரையை நோக்கி இரண்டு முறை குத்தினார்.

அந்த விரலைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. "ரிகாமா நாஹி?" என்றேன். வெறுமையாக இல்லையா?

"ரிகாமா கஸா அஸேல் காகா! பஹாடே பர்யந்த் ஃபுல்!" எப்படி வெறுமையாக இருக்கும், விடியவிடிய நிறைந்திருக்கும் என்று பெருமையோடு சொன்னார்.

தமிழிலும் இந்தியிலும் காலி என்றால் ஆளில்லாதது. மராட்டியில் காலி என்றால் கீழே. அந்தப் பெண் சொன்னது, டான்ஸ் ஹால் உங்கள் அக்கா அறைக்குக் கீழே இருக்கிறது என்று. இதே ஊரில் பிறந்து, ஐம்பது வயதுவரை இங்கேயே சம்பாதித்துச் சாப்பிடுகிறவனுக்கு, கீழே இறங்கு என்று பஸ் கண்டக்டர் நாள் முழுக்கச் சொல்லும் ஒரு சொல் தெரியவில்லை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அதுவரை இது ஒரு வேடிக்கைக் கதை. தம்பிக்குச் சொன்னால் அவனும் சிரிப்பான், அறையை மாற்றிவிடுவான் என்று நம்பி அங்கிருந்தே மகர்பட்டாவுக்கு ஆட்டோ பிடித்தேன்.

தம்பி கால்பிடித்துவிடும் இயந்திரத்துக்குள் இரண்டு பாதங்களையும் நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அது உர்ரென்று உறுமியது. விஷயத்தைக் கேட்டதும் வயிறு குலுங்கச் சிரித்தான். "காலி! க்யா பாத் ஹை!" என்று தொடையில் அடித்துக்கொண்டான். பிறகு இயந்திரத்தின் வேகத்தை ஒரு படி கூட்டினான்.

"சரி, இப்ப என்ன பண்ணறது? ஷிப்பு ஃபுல் ஆயிடுச்சே."

"உன் ரூமை அக்காவுக்குக் கொடு. நீங்க ரெண்டு பேரும் அவ ரூம்ல இருங்க. ரெண்டு பேர் தங்கலாமாம், அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டுட்டுத்தான் வந்தேன்."

தம்பியின் மனைவி உள்ளே இருந்து வந்தாள். "இவருக்கு ஸ்லீப் இஷ்யூ இருக்குங்க மாமா. சத்தமிருந்தா அடுத்த நாள் முழுக்க ஆளு ஆளா இருக்க மாட்டார்."

"அக்காவுக்கு அது இல்லையா?"

"அண்ணே, நீ சென்டிமென்ட் ஆகாதே" என்றான் தம்பி. "அக்காவுக்கு சத்தம் பழக்கம். கசார்வாடியில ஹைவே மேலதானே இருக்கா? டிரக்கு, ட்ரெயினு, லேத்து எல்லாம் கேட்டுட்டே தூங்கறவ. அவளுக்கு இது மியூசிக். நமக்குத்தான் முடியாது."

நமக்கு என்ற சொல்லில் என்னையும் சேர்த்துக்கொண்டான். இதே கூடத்தில், இதே மனிதன், டோல் சத்தத்துக்குக் கதவைச் சாத்தியதைச் சொன்னேன். "அது வேற" என்றான். எப்படி வேறு என்று கேட்டேன். "அட்ஜஸ்ட் பண்ணிப்பா, விடு" என்றான். என்னை வாசல்வரை கொண்டுவிட்டு, தோளில் கை போட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அவகிட்டச் சொல்லிராதே. அப்புறம் வரலேன்னுருவா. பாவம், வாழ்க்கைல ஒரு வாட்டி போறா."

பாவம் என்று அவன் சொன்னபோது வாயிலிருந்து ஏலக்காய் வாசனை வந்தது. இன்றைக்கும் ஏலக்காய் போட்ட டீயை என்னால் குடிக்க முடியவில்லை.

மறுநாளே கசார்வாடிக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. எங்கள் உள்ளறையை எடுத்துக்கொள், சத்தம் இருக்காது என்றேன்.

"ஜன்னல் உண்டா?"

"இல்ல."

"அப்போ எதுக்கு? சுவரைப் பார்க்க நான் கப்பலுக்குப் போகணுமால?"

"அப்ப என்ன செய்யப் போறே?"

"அவன் என்கிட்ட என்னைக்குச் சொல்லுதான்னு பார்க்கேன். அவன் வாயாலே சொல்லட்டும். 'அக்கா, தப்பு நடந்துபோச்சு, கொஞ்சம் பொறுத்துக்கோ'ன்னு ஒரு வார்த்தை. சொன்னாம்னா நான் அந்த ரூம்லயே சந்தோசமாக் கெடப்பேன்."

"சொல்லலேன்னா?"

அவள் உருவிய காம்பை எடுத்து முறத்துக்கு வெளியே போட்டாள். "சொல்லுவாம்ல. நான் தூக்கி வளர்த்த பிள்ளை."

ஐப்பசியில், விடுமுறைக் கூட்டத்தோடு கூட்டமாக, ஒரு வேனில் மும்பைக்குக் கிளம்பினோம். எக்ஸ்பிரஸ்வேயில் வடாபாவுக்காக நிறுத்தினபோது தம்பி ஒவ்வொருவருக்கும் அறை எண் எழுதிய உறையைக் கொடுத்தான். அக்காவிடம் கொடுக்கும்போது குனிந்து காலைத் தொட்டான். அவன் மகள் அதைப் படம் எடுத்தாள். அக்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், ஏதாவது வருமா என்று. "ஒரு வடாபாவ் இன்னும் சொல்லவா அக்கா?" என்று வந்தது.

கப்பலின் உள்ளே நடைபாதைகளில் கம்பளம் விரித்திருந்தார்கள். நனைந்த கம்பளத்தின் மேல் வாசனைத் திரவியம் தெளித்தது போன்ற ஒரு வாடை, மூக்கில் ஏறி அங்கேயே தங்கிவிட்டது. அக்காவை அவள் அறைக்குக் கூட்டிப்போனேன். கதவைத் திறந்தோம். ஜன்னல் பெரியதுதான். ஜன்னல் முழுக்க ஆரஞ்சு நிறம். உயிர்காக்கும் படகு ஒன்று, கையை நீட்டினால் தொடலாம் போல, கண்ணாடியை அடைத்துக்கொண்டு தொங்கியது.

"கடல் எங்கல?"

"படகுக்கு அந்தப் பக்கம்."

அக்கா கட்டிலில் படுத்துப் பார்த்தாள். தலையணையை மாற்றிப் போட்டுப் பார்த்தாள். "கப்பல் முங்கினாத்தான் எனக்குக் கடல் தெரியும் போலிருக்கு" என்றாள். நானும் சிரித்தேன். அப்போதுதான் தரை வழியாக அது வந்தது. காதுக்குக் கேட்பதற்கு முன் கால் எலும்பில் தெரிந்தது. கீழே யாரோ ஒலிபெருக்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். மேஜைமேல் கண்ணாடி தம்ளர் தானாக ஓர் ஓரத்துக்கு நகர்ந்தது. அக்கா அதைப் பிடித்து நடுவில் வைத்தாள். அது மறுபடி நகர்ந்தது.

அன்று மாலை கேக் வெட்டினார்கள். தம்பி அக்காவின் பெருமைகளைப் பேசினான். எங்களுக்காக எவ்வளவு விட்டுக்கொடுத்தவள் என்றான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது, பக்கத்து மேஜைக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பேச்சு முடிந்ததும் க்ரீமை எடுத்து அக்காவின் இரண்டு கன்னங்களிலும் மூக்கிலும் அப்பினான். அவளுக்கு அது பிடிக்காது என்று எல்லோருக்கும் தெரியும். க்ரீம் அவள் கண்ணாடிக்குள் போயிற்று. "ஸ்மைல் அத்தை, ஸ்மைல்!" என்றாள் தம்பியின் மகள். புருஷன் போய் வருஷம் திரும்பாத பெண், முகம் முழுக்க வெள்ளையாக, கண்ணை மூடி நின்றதைப் பதினைந்து கோணத்தில் படம் எடுத்தார்கள். நான் என் கைக்குட்டையைக் கொடுத்தேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

மறுநாள் காலை உணவுக்கூடத்தில் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்த பிறகு அக்கா வந்தாள். முகம் வீங்கியிருந்தது. கண்ணுக்குக் கீழே தோல் நீலமாக இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அந்தக் கூடத்தைப் பற்றி நான் எழுத விரும்பவில்லை, ஆனால் எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. ஒருவர் தட்டில் இட்லி, அதன் மேல் அவல் போஹா, அதன் மேல் தர்பூசணி, ஓரத்தில் கஸ்டர்ட் வழிந்துகொண்டிருந்தது. அவர் அதைச் சாப்பிடாமல் வைத்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போனார். அவர் என் தம்பி. அவன் குளிக்கும் டவுசரிலேயே வந்திருந்தான். அடுத்து நீச்சல்குளம் என்று திட்டம்.

"என்ன அக்கா, சூப்பரா தூங்கினியா?" என்றான், வாயில் மெதுவடையோடு.

"தூங்கலல. கீழே விடியவிடிய ஆட்டம். கட்டில் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு."

அக்கா அவனையே பார்த்தாள். அப்போதுகூட வழி இருந்தது. ஒரு வார்த்தை போதும், அவள் அதைத்தான் ஒரு மாதமாகக் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தம்பி கண்ணை அகலமாக விரித்தான். "அப்படியா! கீழே டான்ஸ் ஹாலா? எனக்குத் தெரியவே தெரியாதே! அந்த ஏஜென்ட் பொம்பள சொல்லவே இல்ல பாரு. அண்ணே, உனக்குத் தெரியுமா?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தான். செருப்பில்லாத, வியர்த்த, கொழுத்த பாதம். என் கால்மேல் அது பதிந்த இடத்தை அப்புறம் நான் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

"தெரியும்" என்றேன். "உனக்கும் தெரியும். புரட்டாசியிலேயே சொன்னேன்." தம்பி கேட்காதது போல வடையைச் சட்னியில் முக்கினான். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ அக்கா, இன்னைக்கு ஒரு ராத்திரிதானே" என்றான்.

அக்கா சாதாரணமாக, உப்பைக் கேட்பது போலக் கேட்டாள்:

"உன் ரூம் பால்கனியில நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கிடுதேன். கார்டைத் தால."

"அரே, இதெல்லாம் கேக்கணுமா? ஆராமா எடு!" என்று டவுசர் பையிலிருந்து கதவு அட்டையை எடுத்து நீட்டினான். மாமியாருக்கு இன்னொரு தட்டு தோசை கொண்டுவரக் கிளம்பினான். அக்கா ஒரு டம்ளர் மோர் மட்டும் குடித்துவிட்டு எழுந்து போனாள். சுவரைப் பிடிக்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் என் மனைவி ஓடி வந்தாள். "மேல வாங்க. உங்க தம்பி நடைபாதையில நிக்கறார்."

தம்பி தன் அறைக்கு வெளியே, குளத்துத் துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தான். கம்பளத்தில் அவனைச் சுற்றி ஒரு கறுப்பு வட்டம். அவன் மனைவியின் அட்டையைக் காட்டினால் கதவில் பச்சை விளக்கு எரிந்தது, ஆனால் திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. கைப்பிடியில் 'தொந்தரவு செய்ய வேண்டாம்' என்ற அட்டை தொங்கியது.

"அக்கா! அக்கா, தாளைத் திற!" என்று கதவைத் தட்டினான். "என் டிரெஸ் எல்லாம் உள்ளே இருக்கு!"

கதவில் காதை வைத்துக் கேட்டேன். மெலிதாக, சீராக, ஒரு குறட்டை. அத்தானின் குறட்டையைத்தான் அந்த வீட்டில் எல்லோரும் சொல்வார்கள், அக்காவுக்குக் குறட்டை உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரியும். தூங்கினால்தானே வரும்.

"ஆளைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்லவா?" என்று தம்பி என்னைக் கேட்டான். பல் லேசாகத் தந்தியடித்தது. நடைபாதையில் குளிர்சாதனம் நன்றாக வேலை செய்தது.

"கூப்பிடு. வந்தா என்ன சொல்லுவே?"

யோசித்தான். அக்காவின் அறுபதுக்காக எல்லோரும் வந்திருக்கிறோம் என்று கப்பல் முழுக்க முதல் நாளே சொல்லிவைத்திருந்தான். பக்கத்து மேஜைக்காரர்கள் இரண்டு பேர் அந்த வழியாகப் போனார்கள். "ஸிஸ்டர் எப்படி இருக்காங்க?" என்று இந்தியில் விசாரித்தார்கள். தம்பி துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு புன்னகை செய்தான்.

"அண்ணே, நீ சொன்னா கேப்பா. நீ ஒரு வார்த்தை சொல்லேன்."

"ரூம் காலி இல்லியே" என்றேன். "நீ வேணும்னா காலீ போ."

அவனுக்கு முதல் காலி புரிந்தது. இரண்டாவதுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. என் மனைவி அவனுக்கு என் வேட்டியும் சட்டையும் எடுத்துக் கொடுத்தாள்.

சூரியன் இறங்கும் நேரத்தில் கதவு திறந்தது. அக்காவின் தலைமுடி ஒரு பக்கம் அழுந்தி, கன்னத்தில் தலையணையின் மடிப்பு பதிந்திருந்தது. உள்ளே பால்கனித் திரைகளை முழுதாக ஒதுக்கி, கட்டிலைத் தன்னால் ஆன அளவு அந்தப் பக்கம் இழுத்துப் போட்டிருந்தாள். கட்டிலுக்கு அப்பால் மறைப்பு எதுவுமில்லாமல் கடல் கிடந்தது.

"ரெண்டு தடவை முழிச்சேன்" என்றாள் என்னிடம். "அங்கனயே இருந்துச்சு." பிறகு என் வேட்டியில் நின்ற தம்பியைப் பார்த்து, "உங்க சாமானை எடுத்துட்டுப் போங்க. என் பெட்டியைக் கொண்டாந்துருங்க" என்றாள். தம்பியின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு துணிகளை மடித்தாள். மாமியார், "பெரியவங்க கேட்டாக் குடுத்தரோணுமுங்க மாப்ளே" என்று தன் அறை வாசலிலிருந்தபடியே சொன்னார். தன் அறைக்குள் ஒரு காலையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். இறங்கிய அன்று, வேன் மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தபோது எல்லோருடைய போனும் ஒன்றாகச் சத்தமிட்டது. தம்பி குழுவில் ஒரு படம் போட்டிருந்தான். பால்கனியில் அக்கா நிற்கும் படம். அதன் கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தான்: என் பால்கனி அறையை அக்காவுக்கு விட்டுக்கொடுத்தேன், அவள் முகத்தில் இந்தச் சிரிப்பைப் பார்க்க எதையும் கொடுக்கலாம், குடும்பம்தான் எல்லாம். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் இதயங்களும் கூப்பிய கைகளும் வந்து விழுந்தன. உன்னைப் போல ஒரு தம்பி எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று யாரோ எழுதினார்கள். தம்பி முன் இருக்கையில் இருந்தான். ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்த அவன் கட்டைவிரலைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். காரணம் வேனின் வளைவுகளா அந்த விரலா என்று தெரியவில்லை, ஜன்னலைத் திறந்து முகத்தை வெளியே நீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

அக்கா என் பக்கத்தில் இருந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனை மடியில் வைத்து, ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினாள். குழுவில் அவள் எதையும் எழுதி நான் பார்த்ததில்லை. மலைப்பாதை முடிந்து லோணாவளா வரும்வரை தட்டினாள். பிறகு என் போன் அதிர்ந்தது. குழுவில் வந்திருந்தது, தமிழில்.

"அவன் கொடுக்கல. நான் எடுத்துக்கிட்டேன்."

அக்கா போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கண்ணை மூடினாள். முன் இருக்கையில் தம்பி அந்தத் தமிழ் எழுத்துகளைப் படம் பார்ப்பது போலப் பார்த்தான். அந்த வரிக்குக் கீழே முதலில் வந்தது தம்பியின் மகள் போட்ட இதயம். அடுத்தது தம்பியினுடையது. மூன்று கைதட்டல்களும், 'லவ் யூ அக்கா'வும்.